எண்ணெய் கூடிய பனிக்காலம்

ஆரஞ்சு ஜாம் காய்ச்சி விற்கத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் படித்த ஒரு வாசகி, “காய்ச்சியது சரி, வட்டக்கானல் விடுதிகளுக்கு அதை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?” என்று கேட்டிருக்கிறார். நான்தான் கொண்டுபோனேன், என் சொந்தக் காரில். அந்தக் காரை என்னிடமிருந்து பிரிக்க நடந்த முயற்சியை இந்த வாரம் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பனிக்காலத்துக் காலை. கொடைக்கானல் கடைத்தெருவுக்குக் கீழே உள்ள சேவியரின் பட்டறையில் என் காரின் பானெட் திறந்திருந்தது. சேவியர் என்னிடம் வேதியியல் படித்தவன். தலை நரைத்த பின்பும் எனக்கு அவன் ‘அவன்’தான். எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கம்பியை உருவித் துடைத்தான். மறுபடி செருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அந்தக் கம்பியின் முனையில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் அவற்றுக்கு நடுவே நின்றால் நலம். என் எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நன்றாகவே ஏறி நின்றது.

“டீச்சர், ஆயில் யாரு ஊத்துனா?”

“யாரும் ஊத்தலையே.”

“ஊரு வண்டியெல்லாம் ஆயிலக் குடிக்கும். உங்க வண்டி ஆயில் குட்டி போட்டிருக்கு.”

என்னோடு வந்திருந்த ஜெசிந்தா சிரித்துவிட்டாள். மாணவியர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள்; ஜாம் தொழிலில் என் கூட்டாளி. “ஆண்டவர் வந்து ஊத்திட்டுப் போயிருப்பாரு. எங்க அக்கா வண்டின்னா அவருக்கு அம்புட்டு அக்கறை” என்றாள்.

சேவியர் கம்பியை என் மூக்கருகே நீட்டினான். எண்ணெயின் கனத்த வாசனைக்கு மேலே இன்னொன்று, மெல்லிய ஊசிபோல, நெற்றிப்பொட்டு வரை ஏறியது. பெட்ரோல்.

“எரியாத பெட்ரோல் ஆயில்ல எறங்குது டீச்சர். பயப்படாதீங்க. ஒரு லாங் டிரைவ் போயிட்டு வாங்க. கற்பூரம் மாதிரி பறந்துரும்.”

சார் வரலையா?

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் டேனியலுக்குச் சேவியரின் கற்பூரத்தில் நம்பிக்கை இல்லை. சமவெளியில் உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்தில் அவனே பேசி, வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொன்னான். கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு, வழுவழுப்பான தரை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஓர் இளைஞர்.

“சார் வரலையா மேடம்?”

“சார் கல்லறையில இருக்காரு. வண்டி என்னது. என்கிட்டயே சொல்லுங்க.”

அவர் முகம் சற்று வெளிறியது. என்றாலும் தொழில் விடவில்லை. எஞ்சினைத் திறந்து பார்க்காமலே தீர்ப்பு வந்தது. “ஆயில்ல கலந்த பெட்ரோல் ஆவியாகவே ஆகாது மேடம். பிஸ்டன் ரிங் தேஞ்சிருச்சு. இன்ஜினப் பிரிக்கணும். இல்லேன்னா எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துருங்க. இந்த வயசுல, அந்த மலையில, உங்களுக்கு எதுக்கு மேடம்…”

அவர் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அன்று மாலை டேனியல் தொலைபேசியில் முடித்து வைத்தான்.

“வண்டிய வித்துருவோம்மா. வித்துட்டு இங்க வந்துருங்க. வண்டி இல்லாம அங்க தனியா என்ன செய்வீங்க?”

கேள்வியில் நியாயம் இருந்தது. என் வீடு சரிவில் இருக்கிறது. பேருந்து அந்தப் பக்கம் வராது. மழைக்காலத்தில் வாடகை வண்டிக்காரர்கள் வரமாட்டேன் என்பார்கள். கார் போனால் ஜாம் போகும். கடைசியில் வீடும் போகும். என் மகன் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றின் நுனியை மட்டும் இழுத்தான். அன்பினால்தான் இழுத்தான். அன்பினால் இழுக்கும்போது கயிறு இன்னும் நன்றாக இறுகும்.

“சேவியர் ஆவியாயிரும்னு சொல்றானே” என்றேன்.

“சரிம்மா. போய்ட்டு வந்து பாருங்க. கோட்டுக்கு எறங்கிருச்சுன்னா நான் வாயே திறக்கல. எறங்கலேன்னா நான் சொல்றத நீங்க கேக்கணும்.”

“கேக்குறேன்” என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் கொடுத்த வாக்கு அது.

எண்ணெய் குடித்த ஜீப்

என் கணவர் அருள் ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருந்தார். அது எண்ணெயைக் குடிக்கும். பின்னிருக்கைக்கு அடியில் ஒரு தகர டப்பா எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் அதன் ஓசை கேட்கும். அந்தக் காலத்து மலை ஓட்டுநர்கள் ஒரு வண்டியை மதிப்பிட்டது அது குடிக்கும் எண்ணெயை வைத்துத்தான். ‘ஆயில் குறையவே மாட்டேங்குது’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். எண்ணெய் கூடுவதும் ஒரு நோய் என்பது அந்தத் தலைமுறையின் கற்பனைக்கே எட்டியிராது.

அவர்கள் விட்டுப்போன வழக்கம் ஒன்று எங்கள் ஊரில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பனிக்காலத்தில் வெள்ளனே எழுந்ததும் வண்டியைக் கிளப்பி, ஓட்டாமல் அப்படியே உறுமவிட்டு, உள்ளே போய்க் காபி குடிப்பார்கள். ‘இன்ஜின் குளிர் விடட்டும்’ என்பார்கள். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் நடந்தால் வாசலுக்கு வாசல் வெண்புகை, ஆளில்லாத வண்டிகளின் இருமல். குழந்தையைப் போர்வையில் சுற்றுகிற பாசம் அதில் இருக்கும். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஊரே செய்ததை நான் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

வண்டியை மறுபடி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு சர்வீஸ் நிலையத்திலிருந்து திரும்பிய பின்புதான், வாங்கியபோது அதோடு வந்த கையேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அதன் பிறகு என் பழைய பாடப்புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். குளிர்ந்த எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது பெட்ரோலை அதிகமாகக் கேட்கிறது; கொடுத்ததை முழுதாக எரிப்பதில்லை. மிச்சம் பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து கீழே எண்ணெயில் விழுகிறது. பிறகு நான் ஓட்டிய தூரமாவது அதைச் சூடாக்கியதா? ஜெபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் ஜாம் இறக்கும் விடுதி வந்துவிடும். அங்கே எஞ்சினை அணைப்பேன். ஆறியதும் மறுபடி கிளப்புவேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு விடுதி வாசலிலும், என் எண்ணெயில் நானே கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் கலந்து வந்திருக்கிறேன்.

பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போகும். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவே நிற்கவேண்டிய படலம் மெலிந்துவிடும். ஆகவே சர்வீஸ் இளைஞரின் கவலை பொய்யல்ல. ஆனால் தேய்ந்த எஞ்சின் ஒன்று. ஒருநாளும் சூடேற வாய்ப்புக் கிடைக்காத எஞ்சின் வேறொன்று. இரண்டின் எண்ணெயும் கம்பியில் ஒரே மாதிரிதான் தெரியும்.

சேலையில் விழுந்த வளையம்

ஆவியாகுமா, ஆகாதா? இந்தக் கேள்விக்கு என் திருமணத்துக்கு மறுவாரமே விடை தெரிந்திருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

விருந்துக்குப் போன வீட்டில் பட்டுச்சேலையில் எண்ணெய்க்கறை பட்டுவிட்டது. ஜீப்பில் இருப்பது டீசல் என்பதால் அருள் நண்பரின் பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வந்து, பஞ்சில் நனைத்துத் துடைத்தார். பெட்ரோல் விரலைச் சில்லிட வைத்துவிட்டுக் கண்ணெதிரே பறந்துபோனது. கறையும் போனது. ஆனால் கறை இருந்த இடத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் நின்றுவிட்டது. எத்தனை வெயிலில் காட்டியும் அது போகவில்லை. அந்தச் சேலையை இப்போதும் வைத்திருக்கிறேன், வளையமும் இருக்கிறது.

பெட்ரோல் என்பது ஒற்றைத் திரவமல்ல, ஒரு கூட்டம். அதில் இலேசானவை லேசான சூட்டிலேயே கிளம்பிவிடும். கனமானவை கொதிக்கக் கொதிக்கச் சூடு கொடுத்தால்தான் அசையும். சில அப்போதும் அசையா. திறந்த காற்றில் பறப்பது எளிது. எண்ணெய்க்குள் கரைந்துவிட்டதை வெளியே எழுப்ப நெடுநேரச் சூடு வேண்டும். அப்படி எழும் ஆவியை எஞ்சினில் உள்ள ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டுபோய் மறுபடி எரிய வைக்கும்.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி எத்தனையோ வகுப்புகளை நடத்தியவள் நான். இப்போது என் வீடே அந்த எண்ணெய்க்குள் கரைந்து கிடந்தது.

பழனி வரை

ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். பெருமாள்மலை தாண்டி, வடகவுஞ்சி வழியாகப் பழனிக்கு இறங்கி, அதே வழியில் ஏறி வருவதென்று திட்டம். அன்று வண்டியை உறுமவிடாமல், கிளப்பியதும் நிதானமாக நகர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, “சூடு ஏறாமலா எடுக்குறீங்க டீச்சர்?” என்று பதறினார்.

“சூடு ஏறத்தான் போறோம்” என்றாள் ஜெசிந்தா.

இறக்கம் முழுதும் குறைந்த கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து இறங்கினோம். காற்று மெல்லமெல்லக் கனத்தது. ஜெசிந்தா முதலில் மப்ளரைக் கழற்றினாள், பிறகு ஸ்வெட்டரை. பழனி எல்லையில் காவடிகளோடு ஒரு கூட்டம் நடந்துபோனது. திருநீறும் வியர்வையும் கலந்த மணம் ஜன்னல் வழியே வந்தது. ஒரு வேப்பமர நிழலில், சமதரை பார்த்து நிறுத்தினேன். எண்ணெய் கீழே வடியட்டும் என்று காத்திருந்து கம்பியை உருவினேன்.

குறையவில்லை. மயிரிழைகூட இறங்கவில்லை.

யாத்ரீகர் வேன் ஓட்டுநர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். “என்னங்கம்மா, ஆயில் இல்லையா?”

“நிறையக் கெடக்கு. உங்களுக்கு வேணுமா?” என்றாள் ஜெசிந்தா. அவர் வந்த வழியே போய்விட்டார்.

நான் கம்பியின் முனையை விரலால் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அப்போதுதான் என் அவசரம் எனக்கு விளங்கியது. இவ்வளவு தூரமும் மலைதான் வண்டியை இறக்கிவிட்டது. எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. நெடுந்தூரம் என்பதும் நெடுஞ்சூடு என்பதும் மலையில் ஒன்றல்ல. சமவெளிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வந்திராது.

கைப்பேசி அடித்தது. டேனியல். எடுத்தது ஜெசிந்தா.

“எறங்கிருச்சா அத்தை?”

“ஏலே, இன்னும் பாதி ரோடு கெடக்கு. சும்மா நச்சரிக்காத, வேற சோலியப் பாரு” என்று வைத்துவிட்டாள்.

ஏற்றம்

திரும்பி ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்தேன். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டு. எஞ்சினின் குரல் மாறியது. காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது, இப்போது வாய்விட்டுப் பாடியது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனில் கையை வைத்தபடியே வந்தது. ஒதுங்க இடம் கிடைத்தபோது ஒதுங்கினேன். கிடைக்காத இடத்தில் ஒதுங்கவில்லை. முந்திப்போன ஒரு ஜீப்பிலிருந்து ஓர் இளைஞன் தலையை நீட்டினான்.

“பாட்டி, வெரசா போ! இல்லேன்னா ஓரமா போ!”

ஜெசிந்தா கண்ணாடியை இறக்குவதற்குள் ஜீப் போய்விட்டது. “என் ஹாஸ்டல்ல மட்டும் இவன் தங்கச்சி இருக்கட்டும், விசிட்டிங் டே அன்னைக்குப் பார்த்துக்கிறேன்” என்றாள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

வடகவுஞ்சி நெருங்கியதும் அவள் டீக்கடையைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, ஒரு டீ.”

“நிறுத்தக் கூடாது. இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு. ஆறிரும்.”

“எனக்கு ஆறிப்போச்சேக்கா.”

“வீட்டுல போட்டுத் தர்றேன்.”

“உங்க வண்டிக்குக் காட்டுற கருணைய எனக்குக் காட்டுனீங்கன்னா நான் இந்நேரம் புனிதை ஆயிருப்பேன்.”

நிறுத்தவில்லை. ஊருக்குள் வந்த பிறகும் நிறுத்தாமல், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, பூம்பாறைச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. அந்த அனலில் பெட்ரோல் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். இருந்தமாதிரியும் இருந்தது, இல்லாதமாதிரியும் இருந்தது. சூட்டில் எண்ணெய் விரிந்திருக்கும். ஆறியபின், வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. அன்று இரவு நன்றாகவே தூங்கினேன் என்று எழுத ஆசைதான்.

பாதி

காலையில் ஜெசிந்தா எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். கம்பியை உருவினேன், துடைத்தேன், செருகினேன், எடுத்தேன்.

இறங்கியிருந்தது. ஆனால் கோட்டுக்கு இறங்கவில்லை. கோட்டுக்கு மேலே ஏறியிருந்ததில் ஏறக்குறையப் பாதி போயிருந்தது; பாதி இருந்தது. வாசனையும் அப்படியே: ஊசி மழுங்கியிருந்தது, மறைந்திருக்கவில்லை.

“முழுசா எறங்கிருச்சுன்னு சொல்லிருங்கக்கா” என்றாள் ஜெசிந்தா. “அவன் என்ன, கோயம்புத்தூர்ல இருந்து வந்து மோந்தா பாக்கப் போறான்?”

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பொய் சொல்லித்தான் என் வீட்டில் நான் இருக்கவேண்டும் என்றால், அந்த வீட்டில் ஒளிந்திருப்பதாக ஆகிவிடும். டேனியலை அழைத்தேன்.

“பாதிதான் எறங்கியிருக்குப்பா.”

ஒரு பெருமூச்சு கேட்டது. “நான் அப்பவே சொன்னேன்ல?”

“உன் சர்வீஸ்காரர் சொன்னது ஆவியாகவே ஆகாதுன்னு. பாதி ஆயிருக்கு.”

“அப்ப சேவியர் அண்ணன் சொன்னது?”

“அதுவும் தப்பு. இலேசானது பறந்துருச்சு, கனமானது தங்கிருச்சு. தங்கினது இனி எத்தனை தடவ ஏறி எறங்குனாலும் போகாது.”

“அம்மா, நாம என்ன பேசினோம்? கோட்டுக்கு எறங்கலேன்னா நான் சொல்றத கேக்குறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அந்தப் பேச்ச இப்போ திரும்ப வாங்கிக்கிறேன்.”

“அதெப்படிம்மா?”

“கோபத்துல சொன்னது. நிதானமா இருக்கும்போது வாபஸ் வாங்குறேன். டேனியல், ரிங் தேஞ்சிருந்தா ஓட ஓட ஏறியிருக்கும், எறங்கியிருக்காது. பாதி எறங்கினதே போதும், இன்ஜின் சொகமா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு. அதுக்குச் சூடு பத்தல, அம்புட்டுதான். மிச்சத்த வடிச்சு ஊத்திருவேன். எண்ணெய மாத்துவேன். ஊர மாத்த மாட்டேன்.”

“மறுபடி ஏறுனா?”

“ஏறுனா நானே உன்னக் கூப்புட்டுச் சொல்லுவேன். இன்னைக்குச் சொன்ன மாதிரி.”

பின்னணியில் அவன் மகள் ஏதோ பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். “பாத்து ஓட்டுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். சம்மதம் என்று அதற்குப் பொருள் இல்லை. அது எனக்கும் தெரியும்.

அன்றே சேவியரின் பட்டறையில் பழைய எண்ணெயை வடித்தோம். தண்ணீர் போல, கருப்பாக, நூலறாமல் ஓடியது. புதிய எண்ணெய் தேன் நிறத்தில் சோம்பலாக இறங்கியது. “இந்தக் குளிருல ஆயில் இப்படித்தான் தூங்கணும் டீச்சர். அது ஓடுனா தப்பு” என்றான். கற்பூரத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

அதன் பிறகு சில வழக்கங்களை மாற்றினேன். வாசலில் வண்டியை உறுமவிடுவதில்லை. தினம் ஒரு விடுதி என்பதை விட்டு, எல்லா விடுதிகளுக்கும் ஒரே நாளில் ஜாம் கொண்டுபோனேன். வியாபாரி கொண்டுவந்து போட்ட ஆரஞ்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை பெரும்பாறைக்கு நானே இறங்கி, தோட்டத்திலேயே பொறுக்கி எடுத்து, நிறைசுமையோடு ஏறி வந்தேன். ஏற்றமும் சுமையும் சேர்ந்து எஞ்சினை நன்றாகக் காய்ச்சின. பழமும் முன்பைவிட நன்றாக இருந்தது. எண்ணெய் கூடவில்லை. ஒவ்வொரு வாரமும் பார்த்தேன், யாருக்கும் சொல்லவில்லை. கூடினால்தானே சொல்வதாக வாக்கு.

மே மாதம்

கோடை விடுமுறைக்கு டேனியல் குடும்பத்தோடு வந்தான். வந்த மறுநாள் காலை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: என்னிடம் கேட்காமல் பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறான். அவன் அப்பாவைப் போலவே ஒரு காலை மடக்கி நின்று, கம்பியை உருவித் துடைத்து, செருகி எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பிப் பார்த்தான். சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு மோந்தும் பார்த்தான். பிறகு கம்பியைச் செருகி, ஓசை வராமல் பானெட்டை மூடினான்.

உள்ளே வந்து கையைக் கழுவினான். நான் ஒன்றும் பார்க்காதவளாகத் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, கார் சாவி எங்க?”

“எதுக்கு?”

“கடைத்தெரு வரைக்கும் போகணும். பாப்பாவுக்குப் பால் வாங்கணும்.”

“ரெண்டு வளைவுக்கெல்லாம் வண்டிய எடுக்கக் கூடாது. நடந்து போ.” அடுப்பை அணைத்தேன். “இல்லேன்னா பெரும்பாறைக்கு வா. வர்ற வழியில பால் வாங்கலாம்.”

அவன் என்னையே பார்த்தான். சாவியை நான் முந்தானையிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னே நடந்தேன். அவன் பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவுக்குப் போய் நின்று, என்னைக் கண்டதும் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து ஏறினான்.

“பெல்ட்டப் போடுலே” என்றேன்.

போட்டுக்கொண்டான்.